கந்தகபூமியில் மின் பிரஷ்: எந்தக் கைக்கு, எந்த வாய்க்கு?

பல்லை எதைக் கொண்டு விளக்குவது என்ற கேள்விக்குக் கரிசல் சீமையில் தலைமுறைக்கு ஒரு விடை இருந்திருக்கிறது. வேப்பங்குச்சி, கருவேலங்குச்சி, உமிக்கரி, அடுப்புச் சாம்பல், பொட்டலப் பல்பொடி, பிறகு நைலான் பிரஷும் பற்பசையும். அந்த வரிசையில் கடைசியாக வந்திருப்பது மின் பிரஷ். சில நூறு ரூபாய்க்குப் பென்சில் பேட்டரி போட்டு ஓட்டுவதும் கிடைக்கிறது, 10,000 ரூபாயைத் தாண்டி, கைபேசியோடு பேசிக்கொள்வதும் கிடைக்கிறது.

"எதை வாங்கலாம்?" என்று கேட்டால் பல் மருத்துவர் ஒன்று சொல்வார், விளம்பரம் ஒன்று சொல்லும், பழைய பழக்கத்தை விடாத பெரியவர்கள் வேறொன்று சொல்வார்கள். மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றுமே ஒரு சராசரிக் கையையும் ஒரு சராசரி வாயையும் மனதில் வைத்துச் சொல்லப்படுபவை. கந்தகபூமியான விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசும் தீப்பெட்டியும் செய்யும் கைகள் இருக்கின்றன. ஃபுளோரைடு மிகுந்த நீரைக் குடித்து வளர்ந்த பற்கள் இருக்கின்றன. ஆகவே இங்கே கருவியின் விலைப்பட்டியலைப் பிரிப்பதற்கு முன் கையையும் வாயையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

குச்சியும் பொடியும்

முதல் தரப்பு மரபின் தரப்பு. ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. இந்த மரங்களின் பட்டையில் துவர்ப்பு மிகுதி. துவர்ப்புப் பொருள்கள் ஈறை இறுகச் செய்யும், நுண்ணுயிர்களை ஓரளவு தடுக்கும். குச்சியை மென்று நாராக்கும்போது உமிழ்நீர் பெருகும், அதுவே வாய்க்கு ஒரு காவல். 1980களில் உலக சுகாதார நிறுவனமும் மிஸ்வாக் குச்சியை, அதாவது நம் வறண்ட நிலத்து உகா மரத்தின் குச்சியை, வழக்கமுள்ள நாடுகளில் ஊக்குவிக்கலாம் என்ற நிலையை எடுத்தது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பழமொழி சொல்லும் வேல் நாட்டுக் கருவேலம். இன்று மாவட்டம் முழுக்கக் கண்மாய்களை அடைத்து நிற்பது சீமைக்கருவேலம். அது வேறு இனம்.

குச்சியின் பலவீனம் அதன் வடிவத்தில் இருக்கிறது. முன்பற்களின் வெளிப்பக்கத்துக்கு நன்றாக வரும். கடைவாய்ப்பல்லின் உட்பக்கத்துக்கும், கீழ்வரிசை முன்பற்களின் நாக்குப் பக்கத்துக்கும் எளிதில் எட்டாது. பற்காரை முதலில் படிவது அந்த நாக்குப் பக்கத்தில்தான், ஏனென்றால் உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் அங்கே திறக்கிறது.

சாம்பலும் உமிக்கரியும் செங்கல் பொடியும் இன்னும் கடுமையானவை. அவை கறையை எடுக்கும், கூடவே பல்லையும் எடுக்கும். கழுத்துப் பகுதியில் தேய்ந்து குழிவிழுந்த பற்களுடன் வரும் முதியவர்களிடம் இந்தப் பழக்கத்தின் தடயத்தைப் பார்க்கலாம். நஞ்சன்கூடு, கோபால் என்று கடைக்கு வந்த பல்பொடிகள் அந்த இடத்தைப் பிடித்தபோது வாசமும் கூடியது, அரைப்பும் பெரும்பாலும் மென்மையானது. ஆனால் விரலால் தேய்க்கும் பழக்கம் தொடர்ந்தது. விரல் பல்லிடுக்குக்குள் போகாது. சில பொடிகளில் புகையிலை கலந்திருந்தது. பற்பசையிலும் பல்பொடியிலும் புகையிலை சேர்க்க இந்திய அரசு 1992இல் தடை விதித்தது. பொடியிலிருந்து புகையிலை போனாலும், பல்வலிக்குப் புகையிலையை அடக்கிக்கொள்ளும் வழக்கம் பல வீடுகளில் போகவில்லை.

தீக்குச்சியும் தாடையும்

வாயின் நிலையை ஒருவர் செய்யும் தொழிலும் தீர்மானிக்கும் என்பது இரண்டாவது தரப்பு. இதன் வேர் சிவகாசிக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு தொழிலில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தீக்குச்சி முனைக்கு வெள்ளைப் பாஸ்பரஸ் பூசினார்கள். அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களின் தாடை எலும்பு அழுகியது. சொத்தைப் பல் வழியாகவே நஞ்சு எலும்புக்குள் இறங்குகிறது என்று அக்கால மருத்துவர்கள் கருதியதால், தொழிலாளர்களுக்குப் பல் பரிசோதனை கட்டாயமானது. 1888இல் லண்டன் பிரையண்ட் அண்ட் மே ஆலைப் பெண்கள் செய்த வேலைநிறுத்தம் இந்தக் கொடுமையைப் பலர் கண்ணில் படவைத்தது. 1906இல் பெர்ன் நகரில் கூடிய நாடுகள் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்ய உடன்பட்டன. இந்தியாவில் அதற்கான சட்டம் 1913இல் வந்தது.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பி, சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியது அதற்குப் பத்தாண்டு கழித்து, 1923இல். சிவகாசி அந்த நோயைச் சந்திக்காமல் தப்பியதற்கு இந்தக் கால வரிசை ஒரு பெரிய காரணம். சட்டம் முன்னே வந்தது, தொழில் பின்னே வந்தது. வாய் நலம் தனிமனிதரின் ஒழுக்கத்தை மட்டும் பொறுத்தது என்று பேசுபவர்கள் இந்த வரலாற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. தொழிலாளி எவ்வளவு நன்றாகப் பல் விளக்கினாலும் பாஸ்பரஸ் ஆவியிலிருந்து தப்பியிருக்க முடியாது.

இந்தத் தரப்பின் பலவீனம், அதை அப்படியே இன்றைய பட்டாசு ஆலைக்குப் பொருத்த முடியாது என்பது. அலுமினியப் பொடி, கந்தகம், வெடியுப்பு ஆகியவை தோலுக்கும் நுரையீரலுக்கும் தரும் தொல்லை வேறு, பல்லுக்கு வரும் தொல்லை வேறு. மருந்து படிந்த கையோடு சாப்பிடுவதும், புகைக்க முடியாத இடத்தில் புகையிலையை வாயில் அடக்குவதும்தான் இங்கே வாயைத் தொடும் பழக்கங்கள். இரண்டையும் எந்த பிரஷும் சரிசெய்யாது.

கையின் தரப்பு

மூன்றாவது தரப்பு நவீனப் பல் மருத்துவத்தின் நடுநாயகம்: கருவியைவிடக் கை முக்கியம். 1938இல் அமெரிக்காவில் நைலான் பிரஷ் கடைக்கு வந்த பிறகு எப்படித் துலக்குவது என்பது தனிக் கேள்வியானது. லூயிசியானா மருத்துவர் சார்லஸ் பாஸ் தந்த விடை இன்றும் பாடத்தில் இருக்கிறது. பிரஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 பாகை சாய்த்து வை. அழுத்தாமல் சின்னச் சின்னதாக அசை. இரண்டு மூன்று பல்லுக்கு ஒருமுறை இடம் மாற்று. நோக்கம் பல்லைப் பளபளப்பாக்குவதல்ல, ஈறின் ஓரத்தில் படியும் மெல்லிய ஊத்தையைக் கலைப்பது. ஒட்டியிருக்கும் அந்தப் படலம் ஒரு நாளில் மீண்டும் கூடிவிடும், சில வாரம் விட்டால் ஈறு சிவந்து இரத்தம் கசியும்.

முறையில் தவறில்லை. பெரும்பாலானோர் அதைச் செய்வதில்லை என்பதே சிக்கல். பல்லை மேலும் கீழுமாகத் துடைப்பம் போட்டுப் பெருக்குவதுபோல ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். வலதுகைக்காரர் பலருக்கு வலப்பக்கம் குறைவாகத் துலங்குகிறது. காலை ஆறரைக்கு ஆலை வண்டி வந்துவிடும் வீட்டில், இரண்டு நிமிடம் நின்று 45 பாகை பார்த்துப் பல் விளக்கு என்பது கேட்பதற்கு எளிது. இந்த இடைவெளியில்தான் மின் பிரஷ் நுழைந்தது.

சுழல்வது, அதிர்வது

1954இல் சுவிட்சர்லாந்தில் பிலிப்-கி வூக் உருவாக்கிய பிராக்சோடென்ட்தான் முதலில் பரவலாக விற்ற மின் பிரஷ். சுவர் பிளக்கில் செருகி ஓட்ட வேண்டியது. கை நடுக்கம் உள்ளவர்களும், பல்லில் கம்பி கட்டியவர்களும் அதன் முதல் பயனாளிகளாகக் கருதப்பட்டார்கள். பிறகு சந்தைப்படுத்தல் எல்லோரையும் நோக்கித் திரும்பியது. இந்தத் தொடக்கத்தை நினைவில் வைப்பது நல்லது, கட்டுரையின் பிற்பகுதியில் அது தேவைப்படும்.

இன்று கிடைப்பவற்றில் இரண்டு குலம் உண்டு. ஓரல்-பி வகையில் சின்ன வட்டத் தலை அரைச்சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திரும்பும். 1990களின் தொடக்கத்தில் வந்த சோனிகேர் வகையில் நீண்ட தலை நிமிடத்துக்கு 31,000 முறை பக்கவாட்டில் அதிரும். வட்டத் தலையை ஒவ்வொரு பல்லாக நிறுத்தி நகர்த்த வேண்டும். நீண்ட தலையைக் கைப்பிரஷ் மாதிரி வரிசையோடு கொண்டுபோகலாம். இரண்டையும் கையால் தேய்ப்பதுபோல முன்னும் பின்னும் இழுத்தால் கொடுத்த பணம் வீண். புதிதாக வாங்கியவர்களில் பலர் செய்யும் பிழை இதுதான்.

சான்று என்ன சொல்கிறது? 2014இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வு 56 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது, அவற்றில் 51 சோதனைகளின் 4,624 பேருடைய தரவைக் கூட்டிக் கணக்கிட்டது. கைப்பிரஷோடு ஒப்பிட, மூன்று மாதத்துக்கு மேல் மின் பிரஷ் பயன்படுத்தியவர்களிடம் ஊத்தைப் படலம் 21 விழுக்காடும் ஈறு அழற்சி 11 விழுக்காடும் குறைந்திருந்தன. சுழல் வகைக்கே அதிகச் சான்று. ஆனால் அதே ஆய்வு, இந்தக் குறைவு நோயாளியின் வாழ்வில் எவ்வளவு வித்தியாசத்தை உண்டாக்கும் என்பது தெளிவில்லை என்றும் சொன்னது. 56இல் 5 சோதனைகள் மட்டுமே சாய்வுக்கு இடம் குறைந்தவை. பலவற்றுக்குப் பணம் கொடுத்தது பிரஷ் செய்யும் நிறுவனம்.

சுழல்வதா அதிர்வதா என்ற போட்டியில் 2010இன் இன்னொரு காக்ரேன் ஆய்வு, குறுகிய காலத்தில் சுழல் வகைக்குச் சற்றே முன்னிலை காட்டியது. வித்தியாசம் சிறியது. கடைக்காரர் சொல்லும் அளவுக்கு அது பெரிய விஷயமில்லை என்பது என் கணிப்பு. தலை கடைவாய்க்குள் இடிக்காமல் போகிறதா, அதிர்வு உங்களுக்குக் கூசுகிறதா, மாற்றுத்தலை உள்ளூரில் கிடைக்கிறதா என்பவை அதைவிட முக்கியம்.

நீண்டகாலச் சான்றாக அடிக்கடி காட்டப்படுவது வடகிழக்கு ஜெர்மனியில் 2,819 பேரை 11 ஆண்டு கவனித்த ஆய்வு, 2019இல் வெளியானது. மின் பிரஷ் பயன்படுத்தியவர்களிடம் ஈறு நோயும் சொத்தையும் மெதுவாகவே முன்னேறின, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே பற்கள் விழுந்தன. மதிப்புள்ள ஆய்வு. ஆனாலும் இது சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை கிடையாது. மின் பிரஷ் வாங்குபவர் படிப்பும் வருமானமும் கூடியவராக இருக்க வாய்ப்புண்டு, பல் மருத்துவரிடமும் அடிக்கடி போவார். கணக்கில் சரிசெய்தாலும் அந்த வேறுபாடு முழுக்கக் கழியாது.

ஒன்றில் மட்டும் பெரிய கருத்து மோதல் இல்லை. மின் பிரஷ் ஈறைக் கிழிக்கும் என்ற பழைய அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதரவு கிடைக்கவில்லை. அழுத்தம் கூடினால் விளக்கெரிந்து எச்சரிக்கும் வசதி இருந்தால், அழுத்தித் தேய்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு உண்மையாகவே நல்லது. இரண்டு நிமிட மணிக்காட்டியும் அப்படித்தான். நான்கைந்து வேகநிலைகளும் கைபேசிச் செயலியும் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை.

சொத்தையைப் பொறுத்தவரை பிரஷை முந்துவது பற்பசை. ஃபுளோரைடு பற்பசை பற்றிய 2003ஆம் ஆண்டு காக்ரேன் ஆய்வு, குழந்தைகளின் நிரந்தரப் பற்களில் சொத்தை 24 விழுக்காடு குறைவதைக் காட்டியது. 30 ரூபாய் கைப்பிரஷும் ஃபுளோரைடு பற்பசையும் வைத்திருப்பவர், விலையுயர்ந்த மின் பிரஷில் ஃபுளோரைடு இல்லாத பசையை வைப்பவரைவிடச் சொத்தை விஷயத்தில் பாதுகாப்பான இடத்தில் இருக்கிறார்.

நீர் தந்த கறை

ஆனால் ஃபுளோரைடு என்றதும் இந்த மாவட்டத்தில் கதை சிக்கலாகிறது. 1937இல் கிண்டி கிங் நிலையத்தின் ஷார்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் பகுதியில், குடிநீர் ஃபுளோரைடால் எலும்பும் பல்லும் கெட்ட மக்களைப் பற்றி எழுதினார்கள். தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரி இதற்குப் பெயர்போனவை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதை ஒட்டி எழுந்தது. விருதுநகர் மாவட்டத்தின் சில பகுதி நிலத்தடி நீரிலும் அளவு கூடியிருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. இந்தியத் தரநிலை லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்கிறது, வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம்.

சுமார் 8 வயதுவரை, பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும்போது இந்த நீரைத் தொடர்ந்து குடித்தால் எனாமல் சரியாக இறுகாது. முளைக்கும்போதே சுண்ணாம்பு தீற்றியதுபோல வெள்ளைக் கோடுகள் தெரியும். கடுமையாக இருந்தால் பிறகு பழுப்பேறி, ஓரம் உதிரும். இந்தக் கறை பல்லின் உள்ளே இருக்கிறது. தேநீர், வெற்றிலை, புகையிலைக் கறை மேலே ஒட்டுவது, அதை நல்ல பிரஷ் ஓரளவு எடுக்கும். "வெண்மை" என்று எழுதிய வேகநிலை உள் கறையைத் தொடக்கூட முடியாது. பெண் பார்க்க வருவதற்கு முன், வேலை நேர்காணலுக்கு முன், இந்தக் கறை போய்விடும் என்று நம்பி மின் பிரஷ் வாங்கும் இளைஞர்களுக்கு இதை யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டும். உமிக்கரியாலும் கடினமான பிரஷாலும் அவர்கள் வெறிகொண்டு தேய்க்கும்போது, ஏற்கெனவே பலவீனமான எனாமல் இன்னும் உதிர்கிறது. பல் மருத்துவரிடம் மேற்பரப்பை மெலிதாகச் சீவி எடுப்பது, வெளுக்கச் செய்வது, பல்நிறப் பூச்சு வைப்பது என்று வழிகள் உண்டு.

தாமிரபரணி நீர் கூட்டுத் திட்டங்கள் வழியாக வரும் ஊர்களில் குழந்தைகள் தப்புகிறார்கள். ஆழ்குழாய்க் கிணற்றையே நம்பும் இடங்களில் நீரைப் பரிசோதிப்பது பிரஷ் தேர்வுக்கு முந்தைய வேலை. அங்கே ஃபுளோரைடு பசையை அறவே விட வேண்டுமா என்பதில் மருத்துவர்கள் ஒருமித்துப் பேசுவதில்லை. இந்திய விதி பற்பசையில் 1,000 பிபிஎம் வரை ஃபுளோரைடை அனுமதிக்கிறது, அளவைக் குழாய் மேலும் அட்டை மேலும் அச்சிட வேண்டும். விழுங்காத பெரியவர்களுக்குப் பயமில்லை. விழுங்கும் குழந்தைகளுக்கு 3 வயதுவரை அரிசி அளவு, 6 வயதுவரை பட்டாணி அளவு என்பது பொது அறிவுரை. நீரில் அளவு கூடிய ஊர்களில் அந்த வயதுக்கு மருத்துவரிடம் கேட்ட பின் முடிவெடுப்பதே நல்லது.

எரிந்த கைகள்

மின் பிரஷ் முதலில் யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர்களை நினைத்தால், இந்த வட்டாரத்தில் ஒரு கூட்டம் கண்முன் வருகிறது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில், இடையிலும் பின்னும் எத்தனையோ பட்டாசு ஆலைகளில் வெடிவிபத்து நடந்தது. இறந்தவர்களின் எண்ணிக்கை செய்தியாகிறது. பிழைத்தவர்களின் கை செய்தியாவதில்லை. ஆழமான தீக்காயம் ஆறும்போது தோல் சுருங்கி விரல்களை உள்நோக்கி மடக்கிவிடும். மெல்லிய பிரஷ் பிடியை அந்த விரல்கள் பற்ற முடியாது. முகம் எரிந்தவர்களுக்கு வாயின் ஓரம் இறுகி, திறப்பே சிறுத்துப்போகும். சாதாரண பிரஷ் உள்ளே நுழையாது.

இவர்களுக்குச் சின்ன வட்டத் தலையும் தடித்த பிடியும் உள்ள மின் பிரஷ் சொகுசுப் பொருளாக இருக்காது, இன்னொருவர் உதவியின்றித் தானே பல் விளக்கும் வழியாக அமையலாம். மணிக்கட்டைச் சுழற்ற வேண்டியதில்லை, பல்மேல் வைத்தால் போதும். ஆனால் எல்லா மின் பிரஷும் பொருந்தாது. கைப்பிரஷைவிடப் பல மடங்கு கனம். சிலவற்றில் சுவிட்சு ரப்பருக்கு அடியில் இறுக்கமாக இருக்கும், மடங்கிய விரலுக்கு அழுத்த வராது. ஒட்டுத்தோலுக்கு அதிர்வு எரிச்சல் தரலாம். வாங்குமுன் கடையிலேயே கையில் பிடித்து, சுவிட்சை அழுத்திப் பார்க்க வேண்டும்.

பணம் இல்லாதவர்களுக்கு மாற்று வழி உண்டு. சைக்கிள் ஹேண்டிலுக்குப் போடும் ரப்பர் உறையைக் கைப்பிரஷின் பிடியில் ஏற்றினால் பிடி தடிக்கும். உள்ளங்கையைச் சுற்றி ஒரு எலாஸ்டிக் பட்டை தைத்து, அதில் பிரஷைச் செருகினால் விரலே தேவையில்லை. தொழில்வழிச் சிகிச்சை தருபவர்கள் கையாளும் எளிய உத்திகள் இவை. மூட்டுவாதம், பக்கவாதம், கைநடுக்கம் உள்ள முதியவர்களுக்கும் இதே உதவும்.

காசும் கரண்டும்

தலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒரு தலை 300 ரூபாய் என்று வைத்தால் ஆளுக்கு ஆண்டுக்கு 1,200. நாலு பேர் வீட்டில், பிடியைப் பொதுவாக வைத்துத் தலையை மட்டும் தனித்தனியாக வைத்தாலும், 4,800. கைப்பிரஷுக்கு அதே வீட்டில் 500 ரூபாய்க்குள் முடியும். வாரச் சம்பளக் குடும்பத்தில் இந்த வேறுபாடு சிறியதில்லை. தலை வாங்க வசதியின்றி நார் விரிந்த தலையோடே ஓட்டினால் மின் பிரஷின் முன்னிலை போய்விடும். அப்படியானால் அந்தப் பணத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை பற்காரை எடுத்துக்கொள்வது மேல்.

உப்புநீர் ஊர்களில் தலைக்கும் தண்டுக்கும் நடுவே உப்பு வெள்ளையாகப் படிந்து இறுகும், வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும். சுற்றுச்சூழல் தரப்பும் கவனிக்கத்தக்கது. 2020இல் பிரிட்டிஷ் பல் மருத்துவ இதழில் வந்த ஒப்பீடு, மின் பிரஷின் காலநிலைத் தாக்கம் மூங்கில் பிரஷைவிட 11 மடங்கு என்று கணக்கிட்டது. பேட்டரி பழுதானால் அது மின்கழிவு.

தீராத கேள்விகள்

இதுவரையிலான சான்றை எடைபோட்டால், இரண்டு கையும் நன்றாக இருந்து, மென்நார் பிரஷால் இரண்டு நிமிடம் ஒழுங்காக விளக்குபவருக்கு மின் பிரஷ் தரும் கூடுதல் நன்மை மிதமானது. அவசரத்தில் விளக்குபவருக்கும் அழுத்தித் தேய்ப்பவருக்கும் அது ஓரளவு உதவக்கூடும், மணிக்காட்டியும் அழுத்த எச்சரிக்கையும் உள்ள எளிய மாதிரியே போதும். கை ஒத்துழைக்காதவர்களுக்குத்தான் அதன் நியாயம் வலுவாக இருக்கிறது.

திறந்தே நிற்கும் கேள்விகள் சில. பெரும்பாலான சோதனைகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்தவை. புகையிலை அடக்கும் வாயிலும், ஃபுளோரைடால் எனாமல் பொரிந்த பல்லிலும் அதே 21 விழுக்காடு பொருந்துமா என்பதை அந்த எண்களைக் கொண்டு சொல்லிவிட முடியாது. நீண்டகாலத்தில் பல் எஞ்சுவதற்குக் கருவி எவ்வளவு காரணம், வருமானம் எவ்வளவு காரணம் என்பதும் பிரித்தறியப்படவில்லை. இன்னொன்று ஆட்சியிடம் கேட்க வேண்டியது. தீக்காயத்தில் கை மடங்கிய தொழிலாளிக்குச் சக்கர நாற்காலியும் தையல் இயந்திரமும் உதவிக் கருவியாகக் கணக்கிடப்படும்போது, தடித்த பிடியுள்ள ஒரு பிரஷையும் அதன் மாற்றுத்தலைகளையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதா, அதை யார் செலவில் தருவது, ஆலையா, தொழிலாளர் ஈட்டுறுதியா, நலவாரியமா?